பெயர்ச்சொல்லுக்கு அடிக்கோடு

பென்சில் கூராகத்தான் இருக்கிறது, ஆனாலும் மறுபடி சீவச் சொல்லி நீட்டுகிறார், சொல்லி என்பது தப்பு, நீட்டுகிறார், அவ்வளவுதான், இடது கையால், வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருள் மாதிரிக் கிடக்கிறது. வாங்கிச் சீவுகிறேன். மரச்சுருள் மேசையில் விழுகிறது, அதன் வாசனை பள்ளிக்கூடத்து வாசனை, அதற்காகத்தான் கேட்கிறாரோ என்னவோ. சாப்பாட்டு மேசைமேல் அவருடைய இலக்கணப் பயிற்சிப் புத்தகம் திறந்து கிடக்கிறது, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒன்பதாம் வகுப்புக்கு அவர் நடத்திய அதே ஆங்கிலப் புத்தகம், தையல் விட்டு, ஓரம் தேய்ந்து. பெயர்ச்சொல்லுக்கு அடிக்கோடு, டு என்று தொடங்குகிற வினைத்தொடருக்கு இரண்டு பக்கமும் வளைவுக்கோடு, இன்ஃபினிடிவ் ஃப்ரேஸ் என்பார், அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது மட்டும் வாய் கோணாமல் நேராகிறது. இதுதான் எங்கள் காலைப் பாடம். மாசி மாதம் ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்தபோது அவரிடம் தமிழ் இல்லை. ஒரு சொல் இல்லை. தண்ணீர் இல்லை, வலி இல்லை, அம்மா இல்லை. இங்கிலீஷ் மட்டும் இருந்தது, அதுவும் வகுப்பறையில் பேசிய இங்கிலீஷ். ரெண்டு பாஷை தெரிஞ்ச ஆளுக்குச் சில சமயம் ஒண்ணு மட்டும் மிஞ்சும்மா, எது மிஞ்சும்னு எங்களால சொல்ல முடியாது என்றார் டாக்டர், ஏதோ தீப்பிடித்த வீட்டில் எந்த அறை தப்பும் என்று சொல்வதுபோல. தப்பிய அறையில் நான் இல்லை. அதை டாக்டர் சொல்லவில்லை, நானாகத் தெரிந்துகொண்டேன். இன்றைக்கு மத்தியானம் எங்கள் மகன் ஆல்வின் பெங்களூரிலிருந்து போனில் முகம் காட்டிக் கூப்பிடுவான், அப்பா, என்கூட வந்து இருக்கீங்களா என்று அவரிடமே கேட்பான், அவர் யெஸ் என்றால் டிக்கெட் போட்டுவிடுவான். அவர் எதற்கும் யெஸ் என்பார். எதற்கும் நோ என்றும் சொல்வார். காசைச் சுண்டிப் போட்ட மாதிரி. அந்தக் காசு இன்று மத்தியானம் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் நானும் விழ வேண்டும் என்கிறார்கள். மாட்டேன்.

பென்சிலைக் கொடுக்கிறேன். முதல் வாக்கியம். தி ஃபார்மர் வென்ட் டு தி மார்க்கெட் டு பை எ ஹார்ஸ், நான் வாசிக்கிறேன், குதிரை வாங்கச் சந்தைக்குப் போன விவசாயி, எங்கள் பக்கத்தில் எந்த விவசாயி குதிரை வாங்கினான், மாடு வாங்குவான், ஆடு வாங்குவான், இந்தப் புத்தகத்தில் மட்டும் எத்தனையோ வருஷமாக ஒருவன் குதிரை வாங்கப் போய்க்கொண்டே இருக்கிறான், இன்னும் வாங்கியபாடில்லை. பென்சில் ஃபார்மருக்கு அடியில் ஒரு கோடு போடுகிறது, கோணல், ஆனால் கோடு. மார்க்கெட். பிறகு திரும்பி முதல் டு-வுக்கு வருகிறது, அங்கே நிற்கிறது. இதுதான் அவருடைய பொறி. இந்த வாக்கியத்தில் இரண்டு டு இருக்கிறது, ஒன்றுக்குத்தான் வளைவு, சந்தைக்குப் போவது வெறும் போவது, குதிரை வாங்குவதுதான் தொடர், வருஷா வருஷம் பாதி வகுப்பு முதல் டு-வில் விழும், விழுந்தவர்களைப் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து சிரிப்பார், இன்னிக்கும் பாதிப்பேரு சந்தைலயே நின்னுட்டானுவோ என்று. தமிழில்தான் சிரித்தார். அந்தத் தமிழ் எங்கே போயிற்று. ஒரு மனுஷன் அறுபது வருஷம் பேசின பாஷை எங்கேதான் போகும், மூக்கு வழியாக ஒழுகியா, மூத்திரத்தோடா. பென்சில் முதல் டு-வைத் தாண்டிவிட்டது. இரண்டாவதுக்கு வளைவு போடுகிறது. ஹார்ஸுக்கு அடிக்கோடு. என் நெஞ்சில் ஒரு சந்தோஷம் குபீர் என்று வருகிறது, வந்த கையோடு கோபமும் வருகிறது, எதற்காக எனக்குச் சந்தோஷம், அந்தப் பொறியில் நானும் ஒரு காலத்தில் விழுந்தவள்தான், கல்யாணமான புதிதில் பொழுதுபோக்காக எனக்கும் பாடம் எடுத்தார், நானும் சந்தையிலேயே நின்றேன். தமிழ் பி.ஏ.ன்னா இப்படித்தான் என்றார் அவருடைய சிநேகிதர்கள் முன்னால். நான் காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு உள்ளே போனேன். உள்ளே போய் என்ன செய்தேன், அழவில்லை, நன்றாக ஞாபகம் இருக்கிறது, அடுப்படியில் நின்று நான் படித்த பழைய பாட்டு ஒன்றை முழுசாகச் சொல்லிப் பார்த்தேன், ஒரு சீர் தவறாமல், பால் பொங்கி வழிகிறவரை.

வெரி குட் என்கிறார் தனக்குத்தானே. நிமிர்ந்து என்னைப் பார்த்து, கேர்ள், நெக்ஸ்ட் என்கிறார். கேர்ள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை இந்தா என்றார், ஏய் என்றார், கோபம் வந்தால் கேக்கா பாரு என்று சுவரிடம் சொன்னார், ஜெபக்கனி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை, பாஸ்டர் முன்னால் மோதிரம் மாட்டும்போது சொன்னதோடு சரி. இப்போது கேர்ள். பெயர்ச்சொல்லாகவாவது ஆகிவிட்டேன். எனக்கே சிரிப்பு வருகிறது, சிரிக்கிறேன், சைலன்ஸ் என்கிறார், இன்னும் சிரிக்கிறேன். அவர் கடைவாயில் எச்சில் இறங்குகிறது, துண்டால் ஒற்றுகிறேன், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், மாணவி வாத்தியார் வாயைத் துடைக்கலாமா என்கிற திருப்பல். தாடையில் சவரம் சரியாகப் படாத இடம் ஒன்று வெள்ளையாக நிற்கிறது, நாளைக்குப் பார்த்துச் செய்ய வேண்டும். செய்ய வேண்டும், செய்ய வேண்டும். துடைக்க, ஊட்ட, கழுவ, திருப்பிப் படுக்கவைக்க, புண் வராமல் பவுடர் போட. இந்த இன்ஃபினிடிவ் என்பதில் ஆளும் கிடையாது காலமும் கிடையாது என்று அவர்தான் கரும்பலகையில் எழுதுவார், யார் செய்கிறார் எப்போது செய்கிறார் என்று அது சொல்லாது. எங்கள் இலக்கணத்தில் அதற்கு எச்சம் என்று பேர், முடியாமல் நிற்பது, இன்னொரு வினைக்குக் காத்துக்கொண்டு நிற்பது. இந்த வீட்டில் அப்படி நின்றது யார் என்று கேட்டால் சமையல்கட்டுச் சுவரில் சாய்ந்து சாய்ந்து எண்ணெய்ப் பிசுக்கில் விழுந்த நிழல் காட்டும். சரி, நின்றேன். நின்ற இடம் என்னுடைய இடம். அதைவிட்டு எழுப்ப ஆல்வின் யார்.

"மைனீ, என்ன, சாரு காலைலயே கிளாஸ் எடுக்காரு போலுக்கு!" பக்கத்து வீட்டு ஸ்டெல்லா மதில்மேல் தலையை நீட்டுகிறாள், கையில் முருங்கைக்கீரைக் கொத்து. அவளுக்கு எப்போதும் சன்னல் வழியாகத்தான் பேச்சு, வாசல் இருப்பதே தெரியாதவள் மாதிரி. "ஆமா, நீயும் வந்து உக்காரு, கடைசி பெஞ்சு காலியாத்தான் கெடக்கு" என்கிறேன். "எம்மா, நான் மாட்டேம்ப்பா. எங்க அண்ணன் இவருகிட்ட வாங்குன அடில இன்னிக்கும் இங்கிலீஷ் படத்துக்குப் போனா கையப் பின்னால கட்டிக்கிடுதான்." அவர் அவளை நிமிர்ந்து பார்க்கிறார், முகம் பிரகாசமாகிறது, குட் மார்னிங் என்கிறார், ஸ்டெல்லா பதறி, குட் மார்னிங் சார் என்று நிமிர்ந்து நிற்கிறாள், சிட் டவுன் என்கிறார், மதிலுக்கு அந்தப்பக்கம் அவள் எதன்மேல் உட்காருவாள், தலையை மட்டும் கீழே இறக்கிக்கொள்கிறாள், கீரை மட்டும் மதில்மேல் தெரிகிறது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மைனி, தம்பி இன்னிக்குக் கூப்பிடுதேன்னுச்சே, போறதா முடிவாயிட்டா?" கீரை கேட்கிறது. "யாரு போறது?" என்கிறேன். "இல்ல, பெங்களூருக்கு..." "கீரைய வச்சிட்டுப் போ ஸ்டெல்லா, பொரியல் பண்ணி அனுப்புதேன்." கொஞ்சநேரம் கீரை அங்கேயே நிற்கிறது, பிறகு மதில்மேல் படுத்துக்கொள்கிறது. போய்விட்டாள். ஊரே முடிவு பண்ணிவிட்டது. சர்ச்சில் போன ஞாயிறு இரண்டு பேர் கையைப் பிடித்து, பிள்ளைகூடப் போய் நிம்மதியா இருங்க அக்கா என்றார்கள், நிம்மதியா என்று அவர்கள் சொன்ன விதத்தில் சமாதானப் பிரபுவே தலைமாட்டில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது, செத்தவர்களுக்குச் சொல்கிற குரல்.

நெக்ஸ்ட், கேர்ள். வாசிக்கிறேன், மேரி வான்ட்ஸ் டு ஓப்பன் தி விண்டோ. பென்சில் மேரியைப் பிடிக்கிறது. சன்னலைத் திறக்க விரும்புகிறாள் மேரி, திறக்கட்டும், திறந்துகொண்டால் காற்று வரும், இந்தச் சித்திரை வெக்கையில் காற்றாடி சுடுகாற்றைத்தான் சுற்றிவிடுகிறது. ஆல்வின் வீட்டில் சன்னலைத் திறக்க முடியாது. ஒருமுறை ஒரு மாதம் இருந்தேனே. ஆகாயத்தில் வீடு, கண்ணாடி, குளிர்சாதனம், கீழே மனுஷர்கள் எறும்பு. லிஃப்டில் ஒரு பெண் என்னிடம் எதையோ கேட்டாள், இங்கிலீஷா ஹிந்தியா கன்னடமா என்றே பிடிபடவில்லை, தலையை ஆட்டினேன், எந்தத் தளத்திலோ என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டாள், ஒரே மாதிரியான கதவுகள், ஒரே மாதிரியான செருப்பு அலமாரிகள், ஒரு கதவைத் தட்டி என்ன கேட்பது, என் மகன் வீடு எது என்று எந்தப் பாஷையில் கேட்பது. வாய்க்குள் நாக்கு ஒரு கனமான துணிச்சுருணை ஆகிவிட்டது. அன்றைக்கு எனக்கு நடந்ததுதான் மாசியில் இவருக்கு நடந்தது, எனக்கு லிஃப்டில், இவருக்கு மண்டைக்குள். நான் படி இறங்கித் திரும்பி வந்துவிட்டேன். இவர் வரவில்லை. அந்தத் தளத்திலேயே நிற்கிறார், எல்லாக் கதவும் ஒரே மாதிரி. அங்கே போய் இருவரும் ஊமையாக எதிரெதிரே உட்கார்ந்திருக்க, கண்ணாடிக்கு வெளியே மழை பெய்ய, சத்தம்கூடக் கேட்காது. பயமாக இருக்கிறது. பயம் இல்லை என்று யாரிடமும் நான் சொல்லவில்லை. நஸ்ரின் வரும் நாளில் மட்டும் பயம் கொஞ்சம் விலகும், பேச்சுப் பயிற்சி கொடுக்க மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிற பெண், ஹெல்மெட்டைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள். இந்தப் பழைய புத்தகத்தைக் கண்டுபிடித்தது அவள்தான். டம்ளரைக் காட்டி என்ன சார் இது என்றால் அவருக்கு வராது, வாய் திறந்து திறந்து மூடும், மீன் மாதிரி, ஆனால் வாக்கியத்தில் பெயர்ச்சொல்லைக் காட்டுங்கள் என்றால் காட்டிவிடுவார், கோடு போடத் தெரிகிறது, பேரைச் சொல்லத்தான் தெரியவில்லை. ஆன்ட்டி, எது இருக்கோ அதப் பிடிச்சுத்தான் ஏறணும், ரெண்டு பாஷையும் பேசிக் குழப்பிராதீங்க, இங்கிலீஷ்லயே பேசுங்க என்றாள். மாட்டேன் என்றேன். ஏன் ஆன்ட்டி? எனக்கு வராது. வரும் ஆன்ட்டி, புத்தகத்த நல்லாத்தான வாசிக்கீங்க. வாசிக்கேன்மா, ஆனா பேசமாட்டேன். எங்க உம்மாவாட்டம் அழுத்தக்காரியா இருக்கீங்களே என்று சிரித்தாள். அவளுக்குச் சொல்லியிருக்கலாம். முதல் பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன், என் வயிறு, தூக்கம் வராதது, கொல்லையில் கிணற்றுச் சத்தம், எல்லாம் எழுதினேன், அது திரும்பி வந்தது, சிவப்பு மையில் திருத்தி, கீழே பத்துக்கு நாலு என்று மார்க் போட்டு. நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அதுதான் கொடுமை, அவரிடம் கெட்ட எண்ணமே கிடையாது. அன்றைக்கு முடிவு பண்ணினேன், இந்த மனுஷனிடம் என் வாயால் அந்தப் பாஷை பேசுவதில்லை என்று. நாற்பது வருஷத்துக்கு மேல் பேசவில்லை. இப்போது அவர் மண்டை உடைந்துவிட்டது என்பதற்காகப் பேச வேண்டுமாம்.

போன வாரம் ஆல்வின் கேட்டதும் இதுதான். "அம்மா, அப்பாக்கு இங்கிலீஷ்தான் மிச்சம்னு டாக்டரே சொல்லிட்டாரு. அங்க யாரு அவருகூட இங்கிலீஷ் பேசுவா? நீங்களா?" அந்த நீங்களா. பிள்ளை கெட்டவன் இல்லை, அப்பாவைப் போலவே நல்லவன், அந்த நீங்களா-வில் அவனுக்குத் தெரியாமல் அப்பாவுடைய சிநேகிதர்கள் எல்லாரும் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். "என்கூட எவ்வளவு நல்லாப் பேசுதாரு பாருங்க. ஹவ் இஸ் தி வெதர்னு கேக்காரு. நான் சொன்னா கவனிச்சுக் கேக்காரு. உங்ககூட ஒரு வார்த்தை பேசலயேம்மா, அவருக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்?" ஹவ் இஸ் தி வெதர் என்பது ஆறாம் வகுப்பு உரையாடல் பாடத்தின் முதல் கேள்வி, நீ என்ன சொன்னாலும் அடுத்தது வேர் டு யூ லிவ் என்று வரும், அது உன்னைப் பார்த்துக் கேட்டதில்லை ஆல்வின், வரிசையில் நிற்கிற யாரையும் பார்த்துக் கேட்பது. இதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பேச்சு முடிந்திருக்கும். சொல்ல நாக்கு எழவில்லை. அவன் முகம் அந்தச் சின்னக் கண்ணாடியில் அப்படி மலர்ந்து இருந்தது, சின்ன வயதில் அப்பா வந்ததும் ரேங்க் கார்டை எடுத்துக்கொண்டு ஓடிவருவானே, அந்த முகம். சரி, அவனுக்காவது ஒரு அப்பா கிடைத்திருக்கிறார், இருக்கட்டும் என்று விட்டேன். விட்டதன் பலன் இன்று மத்தியானம். குக்கர் ஒரு தரம் கத்துகிறது. பருப்பு. அடுத்த வாக்கியம் என்று பென்சிலைத் தட்டுகிறார்.

வேறு ஒரு வழி இருக்கிறது. இதை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவர் பயிற்சிக்குப் பழகிய ஆள், திரும்பத் திரும்பச் சொன்னால் பிடித்துக்கொள்வார், மருந்துக்கு முன்னால் நஸ்ரின் சொல்லிக் கொடுத்த ஓப்பன், ஸ்வாலோ இரண்டும் இப்போது தானாக வருகிறது. டு யூ வான்ட் டு கம் என்று நான் கேட்டு நோ என்று அவரைச் சொல்லவைத்து, கேட்டு, சொல்லவைத்து, மத்தியானத்துக்குள் பழக்கிவிடலாம். அந்த அளவுக்கு இங்கிலீஷ் என்னிடம் இருக்கிறது. ஆல்வின் கேட்பான், இவர் நோ என்பார், கதை முடிந்தது, யாருக்கும் தெரியப்போவதில்லை. வாய் வரைக்கும் வருகிறது. டு யூ. அவர் என் வாயைப் பார்க்கிறார், புதுப் பாடமா என்கிற ஆர்வத்தோடு, முதல் பெஞ்சுப் பையன் மாதிரி. அந்தக் கண். மூடிக்கொள்கிறேன். என் சொல்லை அவர் வாயில் போட்டு அவரைக் கிளியாக்கி என் பிள்ளைக்குக் காட்டமாட்டேன். அவர் என்னைத் திருத்தினார் என்பதற்காக நான் அவரை எழுதிவிட முடியாது. போகட்டும், காசு எந்தப் பக்கமும் விழட்டும், விழுந்த பிறகு பார்த்துக்கொள்கிறேன். நான் காசு இல்லை. தி டாக்டர் ஆஸ்க்ட் தி ஓல்ட் மேன் டு வெயிட், வாசிக்கிறேன், சத்தமாக. டாக்டர், கோடு. மேன், கோடு. காத்திருக்க, வளைவு. ஓல்டுக்குக் கோடு போடவில்லை, சரிதான், கிழவன் என்று தனியாக ஒரு சொல் அந்தப் பாஷையில் இல்லை போல, மனுஷன், வயதானவன், இரண்டாகப் பிரித்துத்தான் சொல்வார்கள். எங்களுக்கு ஒரே சொல். கிழவி என்றால் அதற்குள் எல்லாம் இருக்கிறது, வயது, முதுகு, வெற்றிலைக்கறை, அதட்டல். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். அதை யாரும் கழற்றிப் பார்க்க முடியாது.

போன் அடிக்கிறது. நினைத்ததைவிட முன்னதாக. தண்ணீர்ப் பானைமேல் சாய்த்து வைத்துப் பொத்தானைத் தொடுகிறேன், ஆல்வின், ஆபீஸ் வராந்தா, கழுத்தில் அடையாள அட்டை, நின்றுகொண்டே பேசுகிறான். "அம்மா, சாப்ட்டீங்களா? அப்பா முழிச்சிருக்காரா?" "முழிச்சிருக்காரு. நீ கேக்க வேண்டியதக் கேளு." "ஏம்மா கோவமா இருக்கீங்க?" "கோவம்லாம் இல்ல. பருப்பு வெந்துட்டு இருக்கு." அவர் பக்கம் திருப்பி வைக்கிறேன். அவர் முகத்தில் வெளிச்சம். குட் மார்னிங். குட் மார்னிங் அப்பா, குரல் குழைகிறது. ஹவ் இஸ் தி வெதர். இட்ஸ் நைஸ் அப்பா, இட் ரெய்ண்ட் எஸ்டர்டே. இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், விளிம்பில் எப்போதோ ஆல்வின் காம்பஸால் கிறுக்கியது விரலுக்குத் தட்டுப்படுகிறது. ஆல்வின் தொண்டையைச் செருமுகிறான். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, குழந்தைக்கு ஊட்டுவது போலக் கேட்கிறான், அப்பா, டு யூ வான்ட் டு கம் அன்ட் லிவ் வித் மீ. அவர் யோசிக்கிறார். காற்றாடி சுற்றுகிறது. யெஸ் என்பார், இதோ, உதடு அதற்குத்தான் பிரிகிறது. அவர் இடது கை பென்சிலை எடுக்கிறது. போனுடைய கண்ணாடிமேல், ஆல்வினுடைய நெஞ்சுக்கு நேரே, மெதுவாக ஒரு வளைவு, கொஞ்சம் இடம் விட்டு இன்னொரு வளைவு. டு கம் அன்ட் லிவ் வித் மீ. இன்ஃபினிடிவ் ஃப்ரேஸ். பிறகு பென்சில் கண்ணாடியில் அங்குமிங்கும் அலைகிறது, ஆல்வின் நெற்றியில், காதில், அட்டையில். நவுன், என்கிறார். நவுன். தேடுகிறார். புருவம் சுருங்குகிறது. நோ நவுன். அப்பா, ஐ ஆம் ஆஸ்கிங் யூ. வெரி குட், என்கிறார், சிட் டவுன். ஆல்வின் உட்கார்ந்தான். பெங்களூரில், அத்தனை பெரிய ஆபீஸ் வராந்தாவில், என் பிள்ளை இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நான் போனை என் பக்கம் திருப்பினேன். அவன் பின்னால் யாருடைய கால்களோ நடந்து போயின. "எப்பவும் இப்படித்தானாம்மா?" என்றான். "இப்படித்தான்." "அப்போ வெதர் கேட்டது..." "அதெல்லாம் பாடம்லா." கண்ணாடியில் அவன் மூக்கின் நுனி சிவந்தது, சின்ன வயதிலிருந்தே அழுகைக்கு முன்னால் மூக்குத்தான். "நீங்க ஏம்மா சொல்லல?" "நீ சந்தோஷமா இருந்த." "உங்ககிட்டயாவது ஏதாவது..." "என்கிட்டயும் இல்லய்யா. என்னைய கேர்ள்ங்காரு." அவன் சிரித்தான், சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது, முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்துவிட்டு, பிள்ளைகளுக்கே உரிய நியாயத்தோடு, "அப்போ எதுக்கும்மா அங்க தனியா கெடந்து கஷ்டப்படுதீங்க? யாருகூடயும் பேசலன்னா எங்க இருந்தா என்ன, இங்க நான் இருக்கேன், ஆள் இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு" என்றான். "ஆல்வின், அவருக்கு வாய் போயிட்டு. எனக்கு இருக்கு. அங்க வந்தா எனக்கும் போயிரும். இந்த வீட்ல ஒரு வாயாவது இருக்கணும்." "அவருக்குப் புரியாதேம்மா." "புரியாட்டா என்ன. எனக்குப் புரியும்லா. நான் அவருகிட்ட தமிழ்லதான் பேசுவேன், காலைல இருந்து ராத்திரி வரைக்கும் பேசுவேன், கேக்கட்டும். இத்தன வருஷம் அவரு பேசுனாரு, நான் கேட்டேன்." "நஸ்ரின் குழப்பாதீங்கன்னு சொல்லிருக்காங்க." "அந்தப் பிள்ளைட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ டிக்கெட் போடாத." "அடம் பிடிக்காதீங்கம்மா." "அடம்தான். லீவு கெடைச்சா வா, வந்து பக்கத்துல உக்காரு. அவரக் கூட்டிட்டுப் போறேன்னு மட்டும் வராத." யாரோ அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், எழுந்தான், சட்டையைத் தட்டிக்கொண்டான். "சரிம்மா" என்றான். என்ன சரி என்று நான் கேட்கவில்லை. சரி என்றால் சரி.

குக்கரை இறக்கிவிட்டு வந்தேன். ஆவி முகத்தில் பட்டு இமையெல்லாம் ஈரம், ஆவிதான், வேறொன்றும் இல்லை, இருந்தாலும் என்ன. அவர் புத்தகத்தின் அடுத்த வாக்கியத்தில் பென்சிலை ஊன்றிக்கொண்டு காத்திருக்கிறார். நான் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் இல்லாமல் எதிரே போட்டு உட்கார்ந்தேன், முழங்கால் முழங்காலில் இடிக்கிற மாதிரி. புத்தகத்தை மூடினேன். புருவம் உயர்ந்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் புத்தகத்தை அவர் இருக்கும்போது வேறு யாரும் மூடியதில்லை. "பசிக்குதா?" என்றேன். என் வாயைப் பார்த்தார். அந்த முதல் பெஞ்சுக் கண், ஆர்வமும் கலக்கமும். "பசிக்குதா?" உதடு அசைகிறது, அங்கே ஒன்றும் இல்லை, ஒரு பெரிய காலி அறை, நான் வாசலில் நின்று கூப்பிடுகிறேன், எதிரொலிகூட இல்லை. பயம் வருகிறது, வந்து பக்கத்தில் உட்காருகிறது, உட்காரட்டும். ரிப்பீட், என்றார். சொன்னேன், பசிக்குதா. லவுடர், என்றார், இடது கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை என்று சொல்கிற வாத்தியார் மாதிரி. மதிலுக்கு அந்தப்பக்கம் ஸ்டெல்லா வீட்டில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றது. நான் மூச்சை நன்றாக இழுத்தேன். தெரு முழுக்கக் கேட்கும்படி, அவர் முகத்துக்கு நேரே, கத்திக் கேட்டேன்: பசிக்குதா?